எரிமலையின் விளிம்பில் ஒரு வெண்மணற்கரை

ரீயூனியன் தீவுக்குக் கரை உண்டே தவிர, பெரும்பாலான இடங்களில் கடற்கரை கிடையாது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸிலிருந்து ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் இத்தீவைச் சுற்றிவர இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குக் கரை ஓடுகிறது. அதில் பெரும்பகுதி, அலை நேராக வந்து மோதும் கரும்பாறைச் சரிவுகளும், மலையாறுகள் உருட்டி வந்து கொட்டிய கற்களுமே. மணல் விரிப்பு, ஆழமில்லாத நீர், மரநிழல் என்று விடுதிகளின் விளம்பரப் படங்களில் நாம் பார்த்துப் பழகியவை அனைத்தும் மேற்குக் கரையில் துண்டு துண்டாக அமைந்த சில இடங்களில் மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்றான லெர்மித்தாஜ் கடற்கரையில் தங்கியிருந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்தபோது, அந்தக் கடற்கரையைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை தீவின் மறுகோடியில் இருக்கும் எரிமலையிடம்தான் இருக்கிறது என்பது மீண்டும் மீண்டும் புலப்பட்டது.

நான் தங்கிய விடுதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்பைத் தாண்டினால் வெளிர்நிற மணல். மணலைத் தாண்டினால் இடுப்பளவு நீர். அதற்கும் அப்பால், சில நூறு மீட்டர் தொலைவில், ஒரு வெள்ளைக் கோடு இரவும் பகலும் இரைந்துகொண்டே இருந்தது. அந்தக் கோடுதான் பவளத்திட்டின் விளிம்பு. தெற்கே, திறந்த பெருங்கடலில் எங்கோ எழுந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வரும் அலைகள் அங்கே உடைந்து வலுவிழப்பதால்தான், உள்ளே இருக்கும் காயலில் நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் அச்சமின்றி இறங்க முடிகிறது. மேற்குக் கரையில் விட்டு விட்டு ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு மட்டும் அமைந்த இத்திட்டு இல்லையென்றால் அந்த விடுதிகளும் இல்லை, அந்த மணலும் இல்லை.

மணல் இல்லை என்று சொல்வது மிகையன்று. காயலில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தபோது முதலில் என் கவனத்தை ஈர்த்தது வண்ணம் அன்று, ஒலி. கிளிமீன்கள் தம் அலகு போன்ற பற்களால் இறந்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் ஒலி நீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. பாசியோடு சேர்த்து விழுங்கிய சுண்ணாம்பை அவை வயிற்றில் அரைத்து, சற்று நேரத்தில் வெண்புகையாக வெளியே விட்டுவிட்டு நீந்திப் போகின்றன. கரையில் நாம் துண்டு விரித்துப் படுக்கும் மணலில் ஒரு பங்கு அப்படி வந்தது. மீதி, அலையால் நொறுங்கிய பவளமும் சிப்பியும். எரிமலை உமிழ்ந்த கற்குழம்பில் உருவான ஒரு தீவில், வெண்மணல் என்பது முழுக்க முழுக்க உயிர்கள் செய்து கொடுத்த பொருள். கடைசிப் பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்த பிறகு, எரிமலையின் மூழ்கிய சரிவைப் பற்றிக்கொண்டு வளர்ந்த பவளம் இது. நிலவியல் கணக்கில் இத்திட்டு மிகவும் இளையது, ஆகவே இந்தக் கடற்கரையும் இளையது.

மேற்கில் மட்டும் ஏன் பவளம் வளர்ந்தது என்பதற்கும் மலைதான் காரணம். ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று, 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தீவின் உடலில் மோதி மேலெழுந்து, கிழக்கிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்குச் சரிவின் உயரப் பகுதிகளில் ஆண்டு மழை பத்து மீட்டரைத் தாண்டுவது உண்டு. லெர்மித்தாஜ் அமைந்த மேற்கோரத்தில் ஒரு மீட்டர்கூடப் பெய்வதில்லை. 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது கொமெர்சோன் எரிவாய் அருகே 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்தக் கால அளவுக்கு அதுவே உலக உச்சம். இத்தனை நீரும் மலையைக் கரைத்துக்கொண்டு கடலில் இறங்கும் பக்கத்தில், தெளிந்த நீரையும் வெயிலையும் நாடும் பவளம் நிலைக்க வழியில்லை. மலையின் மறைவில் இருக்கும் மேற்கில் அதற்கு இடம் கிடைத்தது.

இந்தக் காயலில் இறங்குவோர் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, திட்டில் ஆங்காங்கே இருக்கும் திறப்புகள். அலையால் திட்டைத் தாண்டி உள்ளே விழும் நீர் முழுவதும் அத்திறப்புகள் வழியாகவே வெளியேறுவதால், அவற்றின் அருகே நீரோட்டம் மிகவும் வலியது; லெர்மித்தாஜின் திறப்பு அதற்குப் பேர்பெற்றது. அமைதியாகத் தெரியும் நீர் ஒருவரைப் பெருங்கடலுக்குள் இழுத்துச் சென்றுவிடும் என்பதால் எச்சரிக்கைப் பலகைகளை வாசித்த பிறகே இறங்க வேண்டும். இரண்டாவது, சுறா. 2011 முதல் அடுத்தடுத்து நேர்ந்த உயிரிழப்புகளை அடுத்து, காயலுக்கும் அதிகாரிகள் குறித்துக் கொடுத்த கண்காணிப்புப் பகுதிகளுக்கும் வெளியே குளிப்பதும் அலைச்சறுக்குவதும் 2013 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. மழைக்குப் பின் ஆற்று முகத்துவாரங்களில் கலங்கும் நீர் காளைச் சுறாக்களுக்கு உகந்தது. விடுதியில் இவற்றைத் தயக்கமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊர்க்காரர்கள் இதை மறைப்பதில்லை, அச்சமூட்டவும் செய்வதில்லை. காலில் தடித்த நீர்க்காலணி அணிவது நல்லது, ஏனெனில் நீண்ட முட்களுடைய கடல் முள்ளிகளும் அசையாமல் கிடக்கும் கல்மீன்களும் அங்கே உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சவுக்குத் தோப்பு முற்றிலும் வேறோர் இடமாகிவிடும். தீவின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் விடியலிலேயே வந்து நிழல் பிடித்து, அடுப்பு மூட்டி, பெரிய சட்டிகளில் கறி சமைக்கின்றன. சோறு, பயறு, கறி, அதனோடு ருகாய் என்று அவர்கள் சொல்லும் காரமான தக்காளித் தொடுகறி. விடுதியின் உணவறையில் கிடைத்த எதையும்விட, அந்தத் தோப்பின் புகைமணம் இத்தீவின் வாழ்க்கையை எனக்கு நெருக்கமாகக் காட்டியது. விடுதியில் தங்குவோர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்க்க வேறெங்காவது போய்விடுவதைக் கண்டேன். அன்று அங்கேயே இருப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

லெர்மித்தாஜிலிருந்து தெற்கே காரில் சென்றால் எத்தான் சாலே வந்துவிடும். அங்கே மணல் கறுப்பு. எரிமலைப் பாறையாகிய பசால்ட்டை ஆறும் அலையும் அரைத்த துகள்கள் அவை. கையில் அள்ளி வெயிலில் பார்த்தால், கறுப்புக்கு நடுவே ஒலிவின் என்னும் தாதுவின் பச்சைப் பொறிகள் மின்னுகின்றன. காந்தத்தைக் காட்டினால் மேக்னடைட் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். நண்பகலில் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க இயலாது. மாலையில், வெயில் தாழ்ந்த பிறகும், அது உள்வாங்கிய வெப்பத்தை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். பலர் வெண்மணலை அழகென்றும் கறுப்பு மணலை வியப்பென்றும் பிரித்துப் பேசுகிறார்கள். எனக்கோ கறுப்பு மணல்தான் இத்தீவின் இயல்பான மணல் என்று தோன்றியது. தாய்ப்பாறையின் நிறத்தில் அது இருக்கிறது; வெண்மணல் மேலே வந்து சேர்ந்த விருந்து.

அந்தத் தாய்ப்பாறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தீவின் உட்பகுதிக்குப் போக வேண்டும். ரீயூனியன் இரண்டு எரிமலைகளால் ஆனது. வடமேற்கில் இருக்கும் பித்தோன் தே நேஜ் 3,070 மீட்டர் உயரமுடையது. இந்தியப் பெருங்கடலின் தீவுகளிலேயே மிக உயர்ந்த சிகரமான அது, அடங்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. அதன் உடல் அரிக்கப்பட்டு மஃபாத், சலாஸி, சிலாவோஸ் என்னும் மூன்று பெரும் பள்ளத்தாக்கு வட்டங்களாகக் குடைந்து கிடக்கிறது. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் த லா ஃபுர்னேஸ் 2,632 மீட்டர். உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டு முதல் 150க்கும் மேற்பட்ட சீற்றங்கள் பதிவாகியுள்ளன. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கு மேலோ பொங்கும் காலங்களும், சில ஆண்டுகள் அமைதியாக இருக்கும் காலங்களும் அதற்கு உண்டு. இத்தீவின் சிகரங்களும் செங்குத்தான மலைச்சுவர்களும் பள்ளத்தாக்குகளும் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

விடுதியிலிருந்து இருட்டிலேயே புறப்பட்டோம். மேகம் பெரும்பாலும் காலை நடுவிலேயே ஏறிவிடும் என்பதால், சூரியன் எழும்போது மேலே இருப்பது அவசியம். கடற்கரையில் பருத்திச் சட்டையோடு கிளம்பியவர்கள் இரண்டரை மணி நேரத்தில் கம்பளி மேலங்கிக்குள் நடுங்க வேண்டியிருக்கும். குளிர்காலத்து விடியலில் அங்கே உறைபனி படர்வதும் உண்டு. பூர் முரா என்னும் மலையூரைத் தாண்டியபின் பாதை புல்வெளியையும் குத்துச்செடிகளையும் கடந்து ஒரு விளிம்பை எட்டுகிறது. கீழே பிளேன் தே சாப்ல் என்னும் சமவெளி. புல் பூண்டு அரிதாகவே முளைத்த, செம்பழுப்பும் கறுப்புமான எரிமலைச் சரளையால் மூடிய அந்தப் பரப்பின் நடுவே மண்சாலை ஒன்று நீண்டு செல்கிறது. எவரும் காருக்குள் பேசவில்லை.

பா த பெல்கோம்ப் என்னும் இடத்தில் சாலை முடிகிறது. 2,311 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த விளிம்பிலிருந்து பார்த்தால், முன்னால் ஆன்க்ளோ ஃபூக்கே என்னும் பெருவாய் விரிந்து கிடக்கிறது. செங்குத்துச் சுவர்கள் மூன்று பக்கம் சூழ, நான்காவது பக்கம் கடலை நோக்கித் திறந்திருக்கும் அதன் நடுவே எரிமலையின் கூம்பு எழுகிறது. பெரும்பாலான சீற்றங்கள் மக்கள் குடியிருக்காத இந்தப் பெருவாய்க்குள்ளேயே நிகழ்ந்து முடிவதால்தான் இவ்வளவு அடிக்கடி பொங்கும் மலையோடு மக்கள் நிம்மதியாக வாழ முடிகிறது. நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கித் தரையை அடைந்தால், 1753இல் உருவான ஃபோர்மிக்கா லியோ என்னும் சிறு செங்கூம்பு வரவேற்கிறது. அதற்குப் பிறகு பாதை என்று எதுவும் இல்லை. பாறையில் பூசிய வெள்ளைப் புள்ளிகளைப் பின்பற்றி நடக்க வேண்டும். மேகம் சூழ்ந்துவிட்டால் அந்தப் புள்ளிகளைத் தவிர வழிகாட்ட வேறொன்றும் இராது.

காலடியில் கிடந்த பாறை இரு வகை. ஒன்று கயிறு முறுக்கிப் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாக உறைந்தது. வேகம் குறைந்த, இளகிய குழம்பு மேல்தோல் சுருங்கியபடியே உறைந்ததால் வந்த வடிவம் அது. மற்றொன்று உடைந்த கட்டிகளின் குவியல். இத்தீவினர் அதை கிராத்தோன் என்கிறார்கள். அதன்மேல் கால் வைத்தால் கண்ணாடிச் சில்லுகள் நெரிவதைப் போன்ற ஒலி எழும், கை ஊன்றினால் தோல் கிழியும். சற்றே பழைய பாறைகளில் வெள்ளி நிறக் கற்பாசி படர்ந்திருந்தது. ஒரு குழம்புப் படிவின் மேல் முதலில் குடியேறும் உயிர் அதுதான். அதன் பிறகு பெரணி, அதன் பிறகு புதர், கடைசியில் காடு. சிகரத்தின் விளிம்பில் நின்று தொலொமியூ வாயைப் பார்த்தோம். 2007 ஏப்ரலில், உள்ளே இருந்த குழம்பு சரிவின் கீழ்ப்பகுதி வழியாக வடிந்துவிட்டதால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள இந்த வாயின் தரை சில நாட்களில் 300 மீட்டருக்கும் மேல் இடிந்து அமிழ்ந்தது. அவ்வளவு பெரிய வெற்றிடத்தை உண்டாக்கிய குழம்பு எங்கே போனது என்பதைக் கீழே கடலோரத்தில் பார்த்தேன்.

அதற்கு முன் பூர் முராவில் உள்ள எரிமலை அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977 சீற்றத்துக்குப் பிறகு 1979இல் நிறுவப்பட்ட கண்காணிப்பு நிலையமும் இதே ஊரில்தான் இருக்கிறது. மலையின் ஒவ்வொரு நடுக்கமும் வீக்கமும் அங்கே பதிவாகிறது. அருங்காட்சியகத்தின் வரைபடம் ஒன்றின் முன் நான் வெகுநேரம் நின்றேன். ரீயூனியனுக்கு அடியில் இருக்கும் வெப்பப்புள்ளியின், அதாவது பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழுந்து கற்குழம்பை உண்டாக்கும் இடத்தின், வரலாறு அது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைச் சுமந்து நகரும் நிலத்தட்டு அந்தப் புள்ளியின் மேல் இருந்தபோது பொங்கிய குழம்புதான் தக்காணத்தின் பசால்ட் அடுக்குகளாக உறைந்தது. இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டே போக, அதே புள்ளி பின்னால் இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகளுக்கு அடித்தளமான மலைத்தொடரைக் கடலுக்குள் எழுப்பியது, பிறகு மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். அஜந்தாவின் குகைகளைக் குடைந்தவர்கள் வெட்டிய பாறைக்கும் அன்று காலை என் காலணியைக் கீறிய பாறைக்கும் ஊற்று ஒன்றே. பல கோடி ஆண்டுகளாக ஒரே வழித்தடத்தில் எழுந்த தீவுகளின் கடைக்கோடியில் நிற்கிறேன் என்ற உணர்வு எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. கடலடியிலிருந்து அளந்தால் இந்த மலை ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரம். நாம் தீவு என்று அழைப்பது அதன் பருமனில் மூன்று விழுக்காடு மட்டுமே.

தென்கிழக்குக் கரையில், எரிமலையின் திறந்த பக்கத்தைக் குறுக்காகக் கடக்கும் நெடுஞ்சாலையைக் குழம்புச் சாலை என்றே அழைக்கிறார்கள். கிரான் புருலே என்னும் அந்தச் சரிவில், சாலையை வெட்டிச் சென்ற ஒவ்வொரு குழம்பு ஓடைக்கும் ஆண்டு எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள். பழைய ஆண்டுப் பலகையின் இருபுறமும் அடர்காடு. புதிய பலகையின் இருபுறமும் வெறும் கறுப்பு. 2007இன் ஓடை எல்லாவற்றிலும் அகலமானது. அது சாலையைப் புதைத்து, கடலுக்குள் பாய்ந்து, தீவுக்குப் பல ஏக்கர் புது நிலத்தைச் சேர்த்தது. அது உறைந்த பிறகும் உட்புறம் ஆண்டுக்கணக்கில் சூடாகவே இருந்ததால் மழை பெய்தபோதெல்லாம் நீராவி எழுந்ததாம். அதன் ஓரத்தில், திரம்பிளே அருகே, அதே குழம்பை அலை அரைத்து உண்டாக்கிய ஒரு மணற்கரை உள்ளது. அந்தக் குழம்பில் ஒலிவின் மிகுதி என்பதால் கருமணலில் பசுமை தெரிகிறது. அங்கே குளிப்பதற்கில்லை, கடல் கொந்தளிக்கிறது. ஆயினும் என்னைவிட வயதில் இளைய ஒரு கடற்கரையில் நின்றது, இப்பயணத்தில் நான் மிகவும் போற்றும் நேரம்.

சற்று வடக்கே பித்தோன் சேன்த் ரோஸ் என்னும் ஊரில், 1977 ஏப்ரலில் பெருவாய்க்கு வெளியே திறந்த பிளவிலிருந்து வந்த குழம்பு வீடுகளை அழித்து, தேவாலயத்தின் வாயில்வரை ஏறி, இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போய் உறைந்தது. மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு இல்லை. இன்று அதற்குக் குழம்புகளின் அன்னை என்று பெயர். இந்தக் கிழக்குக் கரை முழுவதும், பழங்குழம்பு மக்கிய மண்ணில் கரும்புத் தோட்டங்கள் பரந்திருக்கின்றன. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் இந்தத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் நிலத்திலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தமிழ் பேச்சை இழந்திருந்தாலும் காவடியையும் தீமிதியையும் இழக்கவில்லை. சேன் ஆந்த்ரேயின் கோயில் முன் சற்று நேரம் நின்றேன். கடற்கரை விடுதிகளில் தங்குவோர் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. தமிழர்கள் வராமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

மேற்கே திரும்பி மீண்டும் காயலில் இறங்கியபோது என் நடை மாறியிருந்தது. எங்கே கால் வைக்கிறேன் என்று பார்த்து வைத்தேன். இந்தக் கரையின் பவளத்திட்டு 2007 முதல் தேசியக் கடல் காப்பகம். பவளத்தை மிதிப்பதும் உடைப்பதும், இறந்த துண்டானாலும் எடுத்துச் செல்வதும் தடை செய்யப்பட்டவை. வெப்பம் மிகுந்த கோடைகளில் பவளம் வெளுக்கிறது, கழிவுநீரால் பாசி மிகுகிறது, லெர்மித்தாஜில் மணல் அரிக்கப்பட்டுச் சவுக்கு மரங்களின் வேர்கள் வெளியே தெரிகின்றன. மலை தன் பங்கு நிலத்தைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. வெண்மணலுக்கு அந்த வசதி இல்லை. திட்டு நலிந்தால் அலையைத் தடுக்க எதுவும் இராது, மணலை அரைத்துக் கொடுக்கவும் எவரும் இரார். வெயிலுக்குப் பூசும் களிம்பைக் குறைத்து, முழுக்கைச் சட்டை அணிந்து நீந்துவது நாம் செய்யக்கூடிய எளிய உதவி.

போக விரும்புவோர்க்கு மே முதல் அக்டோபர் வரையிலான காலம் ஏற்றது. புயல்காலம் அப்போது ஓய்ந்திருக்கும், மலை பெரும்பாலும் தெளிந்திருக்கும், அக்காலத்தின் நடு மாதங்களில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு மேற்குக் கரையை ஒட்டி வருகின்றன. கடலோர ஊர்களுக்கு மஞ்சள் பேருந்துகள் உண்டு. எரிமலைக்கு வாடகைக் கார் வேண்டும். மலைப்பயணத்தைத் தங்கும் நாட்களின் கடைசிக்கு ஒத்திப்போடாதீர்கள். மேகமோ மழையோ குறுக்கிட்டால் மறுநாள் மீண்டும் முயல இடமிருக்க வேண்டும். சீற்றத்தின் அறிகுறி தெரிந்தால் நிர்வாகம் பெருவாய்க்குள் இறங்கும் வாயிலை உடனே மூடிவிடும். அப்படி மூடப்பட்டாலும் விளிம்பின் மேல் பித்தோன் த பேர் நோக்கிச் செல்லும் பாதை திறந்திருக்கிறதா என்று விடுதியிலேயே விசாரியுங்கள். சீற்றம் நடக்கும் இரவுகளில் ஊர்மக்கள் போர்வையும் சோற்றுப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறார்கள்.